கப்பலில் வந்து அப்பாவின் போர்க்கால நினைவிடத்தைப் பார்க்க: இரங்கோனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரில், பர்மாவில் அப்பாவைப் பறிகொடுத்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்குக் குறையாது. போய்விட்டு உயிரோடு திரும்பி, நடந்ததைப் பற்றி வாய் திறக்காமலே காலமானவர்களின் பிள்ளைகளுக்கும் அறுபது, எழுபது ஆகிவிட்டது. விமானம், பஸ், ஓட்டல் என்று அலைய உடம்பு இடம் கொடுக்காது. அதனால் பிள்ளைகள் கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கப்பலில் வருகிறவர்களுக்குக் கரையில் கிடைப்பது சில மணி நேரம். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்பதை ஊரிலேயே முடிவு செய்துவிட்டு வர வேண்டும்.

நான் மௌல்மேனில் பிறந்து இரங்கோனில் (இன்றைய பெயர் யாங்கோன்) வாழ்கிறவன். என் அப்பா பேராக் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்களால் சயாம் ரயில் வேலைக்கு, அதாவது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு அவர்கள் போட்ட ரயில்பாதை வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர். போர் முடிந்த பிறகு மலாயாவுக்குத் திரும்பாமல் மௌல்மேனிலேயே குடும்பம் நடத்தினார். உறவினர்களையும், உறவினர்களுக்குத் தெரிந்தவர்களையும் இந்த இடங்களுக்கு அழைத்துப் போகிற வேலை என்னிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

முதல் படி: அப்பா எந்த வழியில் போனார்?

டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடியுங்கள். "பர்மாவில் இறந்தார்" என்று வீட்டில் சொல்வது போதாது. தமிழர்கள் இந்தப் போருக்குள் வந்தது பெரும்பாலும் நான்கு வழிகளில். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஒரு வகை. இவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் கோர், சர்வீஸ் கோர் போன்றவற்றில் இருந்திருப்பார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை. இங்கே அம்மாக்களும் உண்டு, ஜான்சி ராணி படையில் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மூன்றாவது, சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். நான்காவது, 1942-இல் பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டவர்கள்.

இதில் முதல் வகைக்கு மட்டும்தான் கல்லில் பெயர் இருக்கும். மற்ற மூன்றுக்கும் இடம் இருக்கிறது, பெயர் இல்லை. இது தெரியாமல் வந்து, கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தேடி, அப்பாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்று அழுதுகொண்டே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போக வேண்டிய இடம் அதுவல்ல.

எந்த வகை என்று தெரிய வீட்டிலேயே தடயம் இருக்கும். பென்ஷன் புத்தகம், பர்மா ஸ்டார் பதக்கம், நீண்ட எண்ணுடன் வந்த தந்தி இருந்தால் ராணுவம். "தோட்டத்துல கிராணி பேரு எழுதிட்டுப் போனாரு, லாரியில ஏத்துனாங்க" என்று பாட்டி சொல்லியிருந்தால் ரயில். "தாமு வழியா நடந்தோம்" என்றால் 1942 நடை (தாமு மணிப்பூர் போகும் வழியில் உள்ள ஊர்). வயதான அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் இன்றைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள். ஊர்ப்பெயர், மாதம், மழைக்காலமா வெயிலா, கூடப் போனவர்கள் யார் என்று சின்னச் சின்னதாகக் கேட்டால் பேச்சு வரும்.

இரண்டாவது படி: பெயரைத் தேடுவது

ராணுவம் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், காசு கிடையாது. சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான் வரும். முனுசாமி என்ற ஒரே பெயரை எழுத்தர்கள் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். அதனால் முழுப்பெயரைப் போடாதீர்கள். முதல் மூன்று நான்கு எழுத்து, இந்திய ராணுவம், இரண்டாம் உலகப் போர், இவ்வளவு மட்டும் போட்டுத் தேடுங்கள். பட்டியல் நீளமாக வரும், பொறுமையாகப் பாருங்கள். பலருக்குப் பெயரோடு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். மாவட்டம் பழைய ஆங்கிலப் பெயரில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். திருநெல்வேலி "டின்னவெல்லி", தஞ்சாவூர் "டாஞ்சூர்", திருச்சி "டிரிச்சினாப்போலி", ராமநாதபுரம் "ராம்நாட்". ஆணின் பெயரில் குழப்பம் இருக்கும்போது மனைவி பெயர்தான் கைகொடுக்கும். அப்பாயி பெயர் பாப்பாத்தி என்று தெரிந்திருந்தால் பத்து முனுசாமிகளில் உங்கள் தாத்தா யார் என்று முடிவாகிவிடும்.

கிடைத்ததும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சர்வீஸ் எண், படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவிடத்தின் பெயரும் அதில் உள்ள ஃபேஸ் (Face) எண்ணும், அதாவது பெயர் செதுக்கிய முகப்பின் எண். அந்த ஃபேஸ் எண் இல்லாமல் வராதீர்கள். பக்கத்தை அச்செடுத்துப் பையில் வையுங்கள். இங்கே இன்டர்நெட்டை நம்ப முடியாது.

நினைவிடம் இரங்கோனில்தான் இருக்கும் என்றும் இல்லை. சிங்கப்பூரில் சிறைபிடிக்கப்பட்டு இறந்தவர் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கலாம். அங்கே உள்ள நினைவுச் சுவர்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. உங்கள் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறது என்றால் ஏறுவதற்கு முந்தின நாளே கிராஞ்சியைப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது படி: கப்பலும் நேரமும்

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு இந்த நாட்டின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். கப்பல் நிறுவனங்கள் இரங்கோனைச் சேர்ப்பதும் நீக்குவதும் கடைசி நேரத்தில்கூட நடக்கும். ஆகவே பணம் கட்டும்போதே, இந்தத் துறைமுகம் ரத்தானால் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் நாட்டு வெளியுறவுத் துறை பர்மாவைப் பற்றிச் சொல்லும் எச்சரிக்கையையும் படியுங்கள். இறங்குவதற்கு விசா வேண்டுமா என்பதை ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, நீங்களே உறுதி செய்யுங்கள்.

பெரிய கப்பல்கள் இரங்கோன் நகரத்துக்குள் வராது. தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளித் தில்லாவாவில் நிற்கும். ஆற்றில் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் நுழையும், கிளம்பும். அங்கிருந்து சிரியம் வழியாக, பெகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராணுவத்தில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கும் தௌச்சான் போர்க் கல்லறையோ நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். ஆக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நடுவே இரங்கோன் டிராபிக். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி என்று கணக்குப் போடுங்கள். கப்பல் காலையில் வந்து மாலையில் போகிறதென்றால் தௌச்சான் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வேடகோன் பகோடாவையும் பார்த்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கப்பல் ஒரு ராத்திரி தங்குமானால் மட்டும் இரண்டாவது இடத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொரு விஷயம். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாகக் கார் வைத்துப் போனால் காத்திருக்காது. அவர்கள் சுற்றுலாவில் தௌச்சான் இருப்பது அபூர்வம் என்பதால் தனிக் கார்தான் பிடிக்க வேண்டியிருக்கும். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது துறைமுக வாசலில் இருப்பதாகத் திட்டம் போடுங்கள். கார்க்காரரிடம் முழு நாள் வாடகையும் காத்திருக்கும் நேரமும் முதலிலேயே பேசிவிடுங்கள். டாலர் நோட்டு மடிப்பும் கறையும் இல்லாமல் புதிதாக இருக்க வேண்டும், கசங்கிய நோட்டை இங்கே வாங்க மாட்டார்கள்.

நான்காவது படி: தௌச்சானில்

பியே ரோட்டில் மிங்களாடோன் விமான நிலையத்தையும் தாண்டிப் போக வேண்டும். அனுமதிக் கட்டணம் இல்லை. 1951-இல் திறக்கப்பட்ட இந்தத் தோட்டத்தில் 6,374 கல்லறைகள். அவற்றில் 867 பேர் யாரென்றே தெரியாதவர்கள். அக்யாப், மந்தலே, மெய்க்திலா போன்ற இடங்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். தரையோடு தாழ்வாக வெண்கலத் தகடு பதித்த கற்கள், நடுவில் பூச்செடி.

ஆனால் உங்கள் அப்பா பெரும்பாலும் அந்தக் கற்களில் இருக்க மாட்டார். தோட்டத்தின் நடுவில் இரண்டு பக்கமும் நீண்டு போகிற தூண் மண்டபத்தைப் பாருங்கள். அதுதான் இரங்கோன் நினைவுச் சின்னம். கல்லறை தெரியாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். நடு வட்டத்தில் "சுதந்திர மனிதர்கள் எல்லோருக்காகவும் இவர்கள் மாண்டார்கள்" என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகிய ஐந்து எழுத்திலும் இருக்கிறது. தமிழ் இல்லை. தூண்களில் இத்தனை தமிழ்ப் பெயர்கள் இருக்கும்போது அந்தக் குறை ஒவ்வொரு தடவையும் மனதை அறுக்கிறது. பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இந்து வீரர்கள் பலர் தகனம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்காக அதே தோட்டத்தில் தனியாகத் தகன நினைவுச் சின்னம் இருக்கிறது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நினைவாக. உங்கள் அச்செடுத்த பக்கத்தில் "கிரிமேஷன் மெமோரியல்" என்று இருந்தால் தூண்களைத் தேடி நேரத்தை வீணாக்காமல் நேரே அங்கே போங்கள்.

தூணில் பெயர் தேடுவது இப்படி. முதலில் ஃபேஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதற்குள் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதன் கீழ் அகரவரிசையில் பெயர். எழுத்துகள் கல்லின் நிறத்திலேயே இருப்பதால் உச்சி வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. கையில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், போன் டார்ச் போதும். அதைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். செதுக்கிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து பளிச்சென்று எழும்பி வரும். அந்த நிலையிலேயே இன்னொருவர் படம் எடுக்கட்டும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கக் கூடாது. உயரத்தில் இருக்கும் பெயரைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அப்புறம் அவர்களைத் தூண் பக்கத்தில் அழைத்துப் போய்க் கையை வைக்கச் சொல்லுங்கள். எட்டாவிட்டால் தூணின் அடியைத் தொட்டால் போதும்.

பூ வாங்க அலைய வேண்டாம். இரங்கோனில் சிக்னலில் கார் நிற்கும்போதே சிறுவர்கள் மல்லிகைச் சரத்தை ஜன்னல் பக்கம் நீட்டுவார்கள். நம்மூர் மல்லிகை வாசமேதான். அதிலேயே நாலு சரம் வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு, கற்பூரம் ஏற்ற நினைப்பவர்கள் ஊரிலிருந்து ஒரு சின்னத் தட்டு கொண்டுவாருங்கள். கல்லின் மேல் ஏற்றினால் கரி படிந்துவிடும். தட்டில் வைத்துத் தரையில், புல்லைத் தள்ளி ஏற்றலாமா என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். தேங்காய் உடைப்பது, சோறு படைப்பது எல்லாம் இங்கே வேண்டாம். அதற்குக் கோவில் இருக்கிறது. தில்லாவா போகும் வழியிலேயே சிரியம் பக்கம் பீலிக்கான் முனீஸ்வரர் கோவில் நம் ஆட்களுடையது. நகரத்துக்குள் காளியம்மன் கோவிலும் பெருமாள் கோவிலும் அனோரதா ரோட்டிலேயே இருக்கின்றன. அப்பா பெயருக்கு அர்ச்சனை செய்து இரண்டு பேருக்குச் சாப்பாடு போடுங்கள், அது போதும்.

கல்லறைத் தோட்டத்தில் நிழல் குறைவு. குடை, தண்ணீர், பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி அவசியம். வாசலில் வருகையாளர் புத்தகம் இருக்கும். தமிழில் எழுதுங்கள். அடுத்து வருகிற நம்மவர் ஒருவர் அதைப் படிப்பார்.

நேதாஜி படையில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு

காமன்வெல்த் பட்டியலில் தேடாதீர்கள், அது பிரிட்டிஷ் பக்கத்தின் கணக்கு. 1944 ஜனவரியில் நேதாஜி தன் தலைமையகத்தை இரங்கோனுக்கு மாற்றினார், 1945 ஏப்ரல் 24 அன்று இங்கிருந்து புறப்பட்டார். இந்தப் பதினைந்து மாதத்தில் உங்கள் அப்பாவோ அம்மாவோ இந்தத் தெருக்களில் நடந்திருப்பார்கள். நகரத்தில் பார்க்க வேண்டிய இடம், ஸ்வேடகோன் பக்கத்தில் உள்ள கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரின் தர்கா. 1943 செப்டம்பரில் நேதாஜி தன் படையினரோடு வந்து மரியாதை செலுத்திய இடம் அது. சிங்கப்பூரில் எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவுத் தூண் இருந்த இடத்தில் அடையாளப் பலகை இருக்கிறது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்தத் தூணை இடித்தார்கள். கப்பல் அங்கே நிற்குமானால் கண்டிப்பாகப் போங்கள்.

ஐராவதி ஆற்றுக் கப்பலில் வருகிறவர்களுக்கு

மந்தலேக்கும் பகானுக்கும் இடையே ஓடும் சின்னக் கப்பல்கள் போர்க்களத்தின் மேலேயே போகின்றன, பயணிகளில் பாதிப்பேருக்குத் தெரியாது. 1945 பிப்ரவரி 12 அன்று 20-ஆவது இந்திய டிவிஷன் மியின்மு பக்கத்தில் ஆற்றைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து 7-ஆவது இந்திய டிவிஷன் ஞாங்ஊவில் கடந்தது. அந்த ஞாங்ஊ கரையில் எதிரே நின்றவர்களில் இந்திய தேசிய ராணுவத்தின் நேரு படைப்பிரிவும் உண்டு. இந்தியர்கள் இரண்டு பக்கமும். உங்கள் அப்பா எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் மேல்தளத்தில் நில்லுங்கள். கப்பல் இங்கெல்லாம் நிற்காது. மியின்மு எப்போது வரும் என்று முந்தின நாளே கேப்டனிடம் கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கத்தில் தாண்டிவிடும். பிப்ரவரியில் போனால் தண்ணீர் வற்றி மணல் திட்டுகள் தெரியும். அன்றைக்குப் படகுகள் சிக்கித் தவித்ததும் இப்படிப்பட்ட திட்டுகளில்தான்.

சகாயங்கில் இருந்த பழைய ஆவா பாலம் 1934-இல் கட்டப்பட்டது. 1942 ஏப்ரல் 30 இரவு பின்வாங்கிய பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள், 1954-இல் சீரமைத்தார்கள், 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. பழைய படங்களை நம்பி அதைத் தேடாதீர்கள். சகாயங், பக்கோக்கு வட்டாரத்தில் சண்டை ஓயாத காலம் இது. ஆற்றுப் பயணம் நடக்கிறதா, பாதுகாப்பா என்பதை அந்தந்த மாதம் விசாரித்தே முடிவு செய்யுங்கள்.

சயாம் ரயில் போனவர்களின் பிள்ளைகளுக்கு

இதைப் பற்றி எழுதும்போது என் கை கொஞ்சம் நடுங்கும். 415 கிலோமீட்டர் பாதை, சயாமின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். அவர்கள் கணக்கு எழுதப்பட்டது. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாத் தமிழர்கள் அதில் பெரும்பங்கு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். என் அப்பா அந்த மழையைப் பற்றி மட்டும் கடைசிவரை பேசவில்லை.

தன்பியூசயாட் மௌல்மேனுக்குத் தெற்கே 65 கிலோமீட்டர். இரங்கோனிலிருந்து மௌல்மேனே 300 கிலோமீட்டர். கப்பல் நிற்கும் பகலில் இது நடக்காது. கப்பல் பயணம் முடிந்த பிறகு தனியாக நாலைந்து நாள் ஒதுக்கி, பாதை நிலவரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே உள்ள போர்க் கல்லறையில் 3,149 காமன்வெல்த் வீரர்கள், 621 டச்சுக்காரர்கள். அது ராணுவத்தினருக்கானது, நம் தொழிலாளிக்கு அங்கே கல் கிடையாது. அதன் வாசலில் நின்று மனம் உடைந்து போகாதீர்கள். ரயில்பாதை தொடங்கிய இடத்துக்குப் போங்கள். ஒரு துண்டுத் தண்டவாளமும் பழைய ஜப்பானிய ரயில் எஞ்சினும் நிற்கின்றன. பக்கத்தில் 2016-இல் திறந்த அருங்காட்சியகம். மாலையைப் போட வேண்டிய இடம் அந்தத் தண்டவாளம்தான். தர்ப்பணம் செய்ய நினைப்பவர்களுக்குச் செட்சே கடற்கரை தூரமில்லை.

அதுவும் முடியாதென்றால் சயாம் பக்கம் போகலாம். கப்பல் தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் நின்றால் காஞ்சனபுரி சுமார் 250 கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஒரே நாளில் போய் வருவது கடினம், கப்பல் ராத்திரி தங்கினால் முடியும். எல்லோரும் குவாய் ஆற்றுப் பாலத்தையும் வெள்ளைக்காரர் கல்லறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வாட் தாவோர்ன் வராராம் கோவிலைக் கேளுங்கள். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த தூபி அங்கே இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் முயற்சியில் நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். பெயர் இல்லாத அப்பாக்களுக்கு நம் கையால் எழுப்பிய கல் அது.

1942-இல் நடந்து போனவர்களுக்கு

இரங்கோன் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் புறப்பட்டார்கள், புரோமிலிருந்து தாங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், களேவா, தாமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும். பல்லாயிரம் பேர் வழியில் மாண்டார்கள். அந்தப் பாதைகளுக்குக் கப்பல் போகாது. நீங்கள் பார்க்கக்கூடியது அவர்கள் புறப்பட்ட துறைமுகமும் தெருவும்தான். அப்பா வேலை பார்த்த அரிசி ஆலை, செட்டியார் கிட்டங்கி, மொகல் தெருக் கடை என்று ஏதாவது பெயர் தெரிந்தால் அதைத் தேடிப் போங்கள். தெருப்பெயர்கள் மாறிவிட்டன, மொகல் தெரு இன்று ஸ்வேபொந்தா தெரு. காளியம்மன் கோவிலில் வயதானவர்களிடம் கேட்டால் பழைய பெயரைச் சொல்லி வழிகாட்டுவார்கள்.

கடைசிப் படி: ஊர் திரும்பிய பிறகு

எடுத்த படங்களை எந்தத் தூண், எந்த ஃபேஸ், எந்த வரி என்று குறித்து வையுங்கள். பட்டியலில் அப்பா பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் சர்வீஸ் எண்ணோடும் ஆதாரங்களோடும் கல்லறை ஆணையத்துக்கு எழுதினால் திருத்தக் கேட்கலாம். பென்ஷன் ஆவணம், பள்ளிச் சான்றிதழ், கிராம நிர்வாக அதிகாரி தரும் கடிதம் ஆகியவற்றின் நகல்களை மட்டும் அனுப்புங்கள், மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். ரயில் போனவர்களின் பிள்ளைகள், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், கொண்டுபோன மாதம், கூடப் போனவர்கள் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அதே தோட்டத்திலிருந்து போன இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டு வரும்போது அந்தத் தாளில் இருக்கும் ஒரு பெயர் அவர்களுடைய அப்பாவாக இருக்கலாம்.